திறன்வழிக் குழுவாக்கமா, அடைவுநிலைக் குழுவாக்கமா?

'எபிலிட்டி குரூப்பிங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'திறன்வழிக் குழுவாக்கம்'. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்துக் கற்பிப்பதே அதன் பொருள். எல்லாப் பாடங்களுக்கும் ஒரே பிரிவு என்றால் 'ஸ்ட்ரீமிங்'. பிரிட்டனில் தொடக்கக் கல்வி பற்றி 1931ஆம் ஆண்டு வந்த ஹேடோ அறிக்கை ஆதரித்ததும், 1967இல் வந்த பிளௌடன் அறிக்கை எதிர்த்ததும் இதைத்தான். அமெரிக்க வழக்கில் 'டிராக்கிங்', அதாவது தடம் பிரித்தல். கணிதம் போன்ற ஒரு பாடத்துக்கு மட்டும் பிரித்தால் 'செட்டிங்'. அதைப் பாடவாரிப் பிரிப்பு எனலாம். வகுப்பைக் கலைக்காமல் உள்ளேயே சிறு குழுக்கள் அமைப்பது வேறு வகை.

சிக்கல் 'திறன்' என்ற சொல்லில் இருக்கிறது. பிரிப்பதற்கு வைக்கும் தேர்வு, மாணவர் இதுவரை கற்றதைத்தான் அளக்கிறது. இயல்பான ஆற்றலை அல்ல. 1/3 + 1/4 = 2/7 என்று எழுதுபவருக்குப் பின்னம் பிடிபடவில்லை, அவ்வளவே. வடிவியலில் அவரே முந்தலாம். எனவே 'அடைவுநிலைக் குழுவாக்கம்' என்பதே பொருத்தம்.

கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களில் விளக்கிய 'சிறு குளத்துப் பெரிய மீன்' விளைவு இங்கே உதவும். ஒரே அளவு தேர்ச்சியுள்ள இருவரில், கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் இருப்பவருக்குத் தன் கணிதத்தின் மீதான நம்பிக்கை குறைவு. ஒப்பிடும் ஆட்கள் அப்படி. அப்படியானால் கீழ்ப்பிரிவில் நம்பிக்கை உயர வேண்டுமே? அங்கே பிரிவின் முத்திரை எதிர்த்திசையில் இழுக்கிறது. பிரிவுகளுக்குப் பூக்களின் பெயர் சூட்டினாலும் எது மேல், எது கீழ் என்று பிள்ளைகளுக்கு விரைவிலேயே தெரிந்துவிடும்.

அடைவில் நிலைமை வேறு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லேவின் 1990இல் தொகுத்த உயர்நிலைப் பள்ளி ஆய்வுகளில் பிரிப்பின் சராசரிப் பயன் கிட்டத்தட்ட பூஜ்யம். தொடக்கப் பள்ளிக் கணிதத்தில் வகுப்புக்குள் குழு அமைப்பது பயன் தந்ததாக 1987இல் அவரே எழுதியிருந்தார். கென்யாவின் 121 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் மேல், கீழ் இரு பிரிவினரும் முன்னேறினர். ஆசிரியர்கள் பாடத்தை மாணவர் நிலைக்கு ஏற்ப அமைக்க முடிந்தது ஒரு காரணம்.

ஆக, பிரிப்பதால் மட்டும் எதுவும் நடப்பதில்லை. பிரித்தபின் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதே கணக்கு. கீழ்ப்பிரிவு ஆண்டு முழுவதும் கூட்டல், கழித்தலிலேயே நின்று இயற்கணிதத்தைத் தொடாவிட்டால், பிறகு மேலே மாற்றினாலும் அந்த மாணவரால் பாடத்தைப் பிடிக்க முடியாது. அனுபவமிக்க ஆசிரியர் மேல்பிரிவுக்கே போனால் இடைவெளி இன்னும் கூடும்.

செய்வதானால் அலகுவாரியாகச் செய்யலாம். பின்னம் தொடங்குமுன் 10 கேள்விகள் கொண்ட சிறு தேர்வு. மொத்த மதிப்பெண்ணை விட, எந்த வகைப் பிழை என்று பார்த்துக் குழு அமைக்க வேண்டும். எல்லைக்கோட்டில் இருப்பவரை மேல்குழுவில் வைக்கலாம். அலகு முடிந்ததும் குழுவைக் கலைத்து, அடுத்த அலகுக்குப் புதிதாகத் தேர்வு.