பக்கத்தில் இருந்ததால் தொலைந்த மரபணு

உசிலம்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மாட்டுக் கொட்டகைக்குப் போட்ட பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பிரிக்கப் போகிறோம். அந்தத் தூசியால் புற்றுநோய் வரும் என்று மகள் பயப்படுகிறாள். உண்மையா? வந்தால் மருந்து உண்டா?”

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட். பத்தில் ஒரு பங்கு போல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார். முழுதாகக் கிடக்கும் ஷீட்டால் பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கின்றன. தண்ணீர் விட்டு நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளைக் கொட்டி வாசல் பள்ளத்தை நிரப்பாதீர்கள். ஒரு நாள் வேலைக்காக நடுங்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் மிஷின் வைத்து ஷீட் அறுக்கும் தொழிலாளியை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

அவருக்கு வரக்கூடியவற்றுள் ஒன்று மீசோதெலியோமா. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் பெரும்பாலும் தோன்றும் புற்றுநோய் இது. நீண்ட நார்களை விழுங்கப் பார்த்துத் தோற்கும் வெள்ளணுக்களால் அங்கே அழற்சி தணியாமல் தொடர்கிறது. 20 முதல் 50 வருடங்கள் கழித்து நோய் தலைகாட்டுகிறது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் 33 நோயாளிகளை ஆராய்ந்து, வாக்னரும் அவருடைய சகாக்களும் 1960லேயே இந்தத் தொடர்பைக் காட்டிவிட்டார்கள். இந்தியாவோ புதிய சுரங்க உரிமங்களை 1986இல் நிறுத்திவிட்டு, இன்றும் ரஷ்யாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆஸ்பெஸ்டாஸ் இறக்குகிறது. நம் மண்ணில் தோண்டினால் ஆபத்து, அடுத்தவன் தோண்டிக் கொடுத்தால் இல்லை என்பது என்ன கணக்கோ!

நோயைக் கண்டுபிடிப்பது இன்னொரு சிக்கல். மூச்சு வாங்கி, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஒருவர் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தால், மருத்துவர் முதலில் காசநோயைச் சந்தேகிப்பார். நம் ஊரில் அது நியாயமான சந்தேகமும்கூட. அந்த நீரை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் உடனே விடை கிடைக்காது. ஏனென்றால் அழற்சியால் வீங்கிய சாதாரண உறைச் செல்லும் புற்றுச் செல்லும் உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது.

நம் 9ஆம் குரோமோசோமில் பி16 என்ற புரதத்துக்கான மரபணு இருக்கிறது. செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடுவது அதன் வேலை. மீசோதெலியோமா நோயாளிகளில் கணிசமானவர்களுக்குப் புற்றுச் செல்லில் அந்த இடமே அறுந்து போயிருக்கிறது. ஒட்டினாற்போல் இருப்பது எம்டேப் என்ற மரபணு. ஒரு வீட்டை இடிக்க வந்த புல்டோசர் பக்கத்து வீட்டுச் சுவரையும் தள்ளிவிட்டுப் போவதைப் போல, பி16 போகும்போது பல சமயம் எம்டேப்பும் போய்விடுகிறது. அது போனதால் புற்றுக்குப் பெரிய லாபம் ஏதுமில்லை. ஆனால் நமக்கு உண்டு.

எம்டேப் புரதத்தைப் பழுப்பு நிறமாகக் காட்டும் சாயச் சோதனை ஒன்று இருக்கிறது. நீரில் படிந்த செல்களை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவிச் சாயமேற்றினால், வெள்ளணுக்கள் பழுப்பாகத் தெரியும். நடுவே உள்ள புற்றுச் செல்கள் மட்டும் வெளிறி நிற்கும். அழற்சியால் வீங்கிய செல் இப்படி வெளிறுவதில்லை. பாப்1 என்ற இன்னொரு புரதத்தையும் இதே முறையில் பார்க்கிறார்கள். இரண்டில் ஒன்று காணாமல் போயிருந்தாலும் சந்தேகம் பெருமளவு தீரும். இரண்டுமே இருந்தால் நோய் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இதோடு முடியவில்லை. எம்டேப்புக்கு ஒரு துப்புரவு வேலை உண்டு: செல்லில் சேரும் எம்டிஏ என்ற கழிவை அகற்றுவது. எம்டேப் இல்லாத செல்லில் இந்தக் கழிவு தேங்குகிறது. தேங்கியது சும்மா இருப்பதில்லை. பிஆர்எம்டி5 என்ற நொதியின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த நொதி இல்லாமல் எந்தச் செல்லும் பிழைக்காது. ஆகவே புற்றுச் செல் பாதி முடங்கிய நொதியோடு காலம் தள்ளுகிறது. 2016இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்தன.

அந்த நொதியை நேரடியாகத் தடுத்தால் நல்ல செல்களும் சாகும். முந்தைய மருந்துகள் அங்கேதான் திணறின. புதிய மருந்துகளின் சாமர்த்தியம் வேறு. குழிக்குள் எம்டிஏ உட்கார்ந்திருந்தால்தான் அவை நொதியை இறுக்கிப் பிடிக்கின்றன. நல்ல செல்லில் எம்டேப் அவ்வப்போது பெருக்கித் தள்ளிவிடுவதால் மருந்துக்கு அங்கே அவ்வளவாகப் பிடி கிடைப்பதில்லை. புற்றுச் செல்லின் குப்பையே அதற்கு வினையாகிறது! இதை முதன்முதலில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன். எம்ஆர்டிஎக்ஸ்1719 என்ற மருந்தின் முதல் கட்ட மனிதப் பரிசோதனையில் கட்டி சுருங்கியவர்களில் மீசோதெலியோமா நோயாளியும் உண்டு. ஆனால் ஆயுளை நீட்டுமா என்பதைப் பெரிய பரிசோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

இன்று கையில் இருப்பவை? 2003இல் வெளியான ஆய்வில் பலன் காட்டிய பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளின் கூட்டு. இரண்டும் இந்தியாவிலேயே தயாராகின்றன. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துகளின் ஜோடி சராசரி ஆயுளை 14.1 மாதத்திலிருந்து 18.1 மாதமாக்கியது, விலை பல லட்சம். பெரிய அறுவை சிகிச்சை கைகொடுக்கும் என்ற நம்பிக்கையை 2024இல் வெளியான மார்ஸ் 2 ஆய்வு உலுக்கிவிட்டது: அறுவையும் கீமோவும் பெற்றவர்களுக்கு 19.3 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 24.8. நுரையீரலைக் கழுவிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் மூலிகைப் பொடி நாரைத் தொடக்கூடச் செய்யாது. காசை மட்டும் கழுவும்.

கோடிகள் கொட்டிப் புது மருந்து தேடுவது ஒருபுறம் நடக்கட்டும். எம்டேப், பாப்1 சாயச் சோதனைகள் மாவட்ட மருத்துவமனை வரை வரட்டும் என்பது என் கட்சி. அதுவரை, நெஞ்சில் நீர் கோத்து மருத்துவரிடம் போகிறவர் இளவயதில் ஷீட் கம்பெனியிலோ, பாய்லர் வேலையிலோ, கப்பல் உடைக்கும் இடத்திலோ இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் தானே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்: என்ன வேலை, எந்த ஊர், எத்தனை வருடம்.