கடை திறக்கலாம், சரி. நிற்குமா?

கடன் மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் கணக்கு அலுவலகத்துக்குப் புதிதில்லை. தொழில் ‘வயபிள்’ (viable) இல்லை என்று அதில் எழுதியிருக்கும். “எஸ்எஸ்எம் பதிவு ஆணையத்தில் தொழிலைப் பதிஞ்சாச்சு, கடையும் பார்த்தாச்சு, சமையலுக்கு ஆளும் இருக்கு, அப்புறம் என்ன சார்?” என்பார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் அது ‘ஃபீசிபிள்’ (feasible) என்பதற்கான பதில்.

ஃபீசிபிள் என்ற சொல்லுக்கு வேர், செய்தலைக் குறிக்கும் ஒரு லத்தீன் வினை. செய்யக்கூடியது, அவ்வளவுதான். வயபிளின் வேர் ‘வீட்டா’, அதாவது உயிர். பிரெஞ்சில் அது ‘வீ’ ஆனது, அதிலிருந்து பிறந்தது இந்தச் சொல். 1804இல் வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தில், பிழைக்கும் திறனோடு பிறக்காத குழந்தைக்கு வாரிசுரிமை கிடையாது. அந்தத் திறனுக்கு அங்கே போட்ட சொல்லே ‘வியாபிள்’தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும், தாயின் உடலை விட்டு வந்த சிசு தானாக உயிர் தரிக்குமா என்றுதான் அது கேட்டது. தொழிலுக்கும் திட்டத்துக்கும் பிறகுதான் பரவியது. வழி என்று பொருள்படும் ‘வியா’விலிருந்து வந்ததாகச் சிலர் விளக்குவார்கள்; அதற்கும் இதற்கும் உறவே இல்லை. இங்கே மலாய் மொழியில் ‘பெர்டாயா மாஜு’, முன்னேறும் ஆற்றல் உள்ளது என்று எழுதுகிறார்கள்.

வங்கி அதிகாரி பார்ப்பதும் இதைத்தான்: உங்கள் சேமிப்பை எடுத்துவிட்டால் கடை தன் வருமானத்திலேயே நிற்குமா?

ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வாடகை 4,500 ரிங்கிட், மின்சாரம், தண்ணீர், கேஸ் 1,500. உள்ளூர் ஆட்கள் மூன்று பேர். குறைந்தபட்சச் சம்பளம் 1,700. 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் கடைகளுக்கும் இதே கணக்குதான். முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு சேர்ந்தால் ஒருவருக்கு 1,921. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவை விட்டுவிட்டாலும் மாதச் செலவு 11,763. சாப்பாடு 12 ரிங்கிட், அதில் அரிசி, காய்கறி, மீனுக்கு 6 போய்விடும் என்றால், மாதம் 26 நாள் திறக்கும் கடையில் தினமும் 76 சாப்பாடு போக வேண்டும். அப்போதும் முதலாளி வீட்டுக்கு ஒரு காசு போகாது. அவருக்கு 3,000 வேண்டுமென்றால் 95.

அந்தத் தெருவில் மதியம் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று போய் நின்று பார்த்தவர்கள் குறைவு. மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை போடுகிறவர்கள் தீபாவளி மாத விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். மோசமான மாதத்தை முதலில் எழுதுங்கள், நல்ல மாதம் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

“டெக்குனில் ஸ்புமி கடன் எடுத்தால் சரியாகிடும்” என்பவர்களும் உண்டு. சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான டெக்குனில் நம் இந்தியர்களுக்காகவே உள்ள திட்டம் ஸ்புமி, தாராளமாக முயலுங்கள். ஆனால் அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்தான். மாதத் தவணை 1,200 என்று வைத்தால் மேலே சொன்ன 95 சாப்பாடு 103 ஆகிவிடுகிறது.