நாலு கோடு தெரிந்தால் இணையம் வந்துவிட்டதா?

போன சனிக்கிழமை சிங்கப்பூர் பீஷானில் ஒரு மேசனெட் வீடு, அதாவது உள்ளேயே மாடிப்படி வைத்த இரண்டு தள அடுக்குமாடி வீடு. காலணியைக் கழற்றுவதற்குள் வீட்டுக்காரப் பெரியவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க தம்பி, மேல போனா ஃபுல் கோடு காட்டுது. ஆனா ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

வீட்டு வைஃபையைச் சரிசெய்யப் போனதில் இந்த மாதத்தில் இது நான்காவது வீடு. நான்கிலும் இதே வாக்கியம்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மேல்மாடியில் ஒரே அறை. மருமகளின் அலுவலக லேப்டாப், பேரனுக்குப் பள்ளியில் வாங்கச் சொன்ன ஐபேட், ஒரு டிவி, ஒரு பிரிண்டர், ஒரு கேம் பெட்டி. ரவுட்டர் கீழே வரவேற்பறையில், டிவி அலமாரிக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளம், உள்ளே இரும்புக் கம்பி. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ரிப்பீட்டர் (வைஃபை அலையை வாங்கி மறுபடி விடும் பெட்டி), மாடி நடையில் இன்னொன்று, அறைக்குள் மூன்றாவது. மூன்றுக்குமாக 240 சிங்கப்பூர் வெள்ளி ஆனதாம். அதுவும் போதாதென்று, போனில் பேசிய விற்பனைப் பெண் சொன்னாளென்று 1 கிகாபிட் திட்டத்தை விட்டு 10 கிகாபிட் திட்டத்துக்கும் மாறிவிட்டார். இரண்டு வருட ஒப்பந்தம். தலையில் கை வைத்தேன். மனதுக்குள்தான்.

இந்தக் கோடு விஷயத்தை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுவது இங்கேதான்.

உங்கள் போனில் தெரியும் நாலு கோடு இணையத்தின் அளவு அல்ல. உங்கள் போனுக்கும் அது பிடித்திருக்கும் பெட்டிக்கும் இடையில் சமிக்ஞை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அந்தப் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் கோடு நிறையத்தானே செய்யும்? ஆனால் அந்தப் பெட்டிக்கும் கீழே இருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறதென்று உங்கள் போனுக்குத் தெரியாது. தெரியாததை அது எப்படிக் காட்டும்? கீழே அடுப்படியில் நிற்கும் அம்மா சொல்வதை மாடிப்படியில் நிற்கும் பொடியன் கேட்டு, மேலே இருக்கும் அப்பாவிடம் கத்திச் சொல்கிறான் என்று வையுங்கள். அப்பாவுக்குப் பொடியனின் குரல் கணீரென்று கேட்கிறது. ஆனால் அம்மா சொன்னதில் பாதி பொடியன் காதிலேயே விழவில்லை. அப்பா கேட்பது கணீரென்ற பாதி. அதுதான் ரிப்பீட்டர். இரண்டாவது பொடியனை நிறுத்தினால் கால்வாசி. பெரும்பாலான மலிவு ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையிலேயே சொல்பவை. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியாது. வேகம் பாதியாவது கோளாறு இல்லை, அதன் பிறவிக் குணம்.

பெரியவருக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது என்று தெரிந்து, அளந்தே காட்டினேன். ரவுட்டர் பக்கத்தில் நின்று வேகச் சோதனை: 740 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 740 மெகாபிட் (ஆயிரம் மெகாபிட் ஒரு கிகாபிட்). மேலே அறை ரிப்பீட்டரின் அருகில் என் லேப்டாப் காட்டிய இணைப்பு வேகம் 866. "ஆ, கீழயவிட மேலதான் ஜாஸ்தி!" என்றார். அதே இடத்தில், அதே லேப்டாப்பில் வேகச் சோதனையை ஓட்டினேன். 31. ரிப்பீட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அதற்குக் கீழ்நோக்கி இருந்த இணைப்பு மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 72. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தளத்தைத் தாண்டவே முடியாமல் திணறியிருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளின் 2.4 அலைகள் வேறு சந்தைக்கடை மாதிரி. அந்த 31-ஐத்தான் ஐந்து சாதனங்களும் பிய்த்துக்கொண்டிருந்தன. இதில் கீழே 10 கிகாபிட் வந்தால் என்ன, 100 கிகாபிட் வந்தால் என்ன?

2024-ல் நாடு தழுவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடும் என்று அறிவித்ததிலிருந்து இந்தப் பேச்சு அதிகமாகிவிட்டது. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேகம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேருவதைப் பற்றியது. வாசலிலிருந்து மாடிக்குப் போவது உங்கள் பாடு. வாசலில் லாரி வந்து நின்றாலும் அரிசி மூட்டையை மேலே யாராவது தூக்கத்தானே வேண்டும்?

சரி, என்ன செய்வது? ஒரு கேபிள். ஒன்றே ஒன்று. கீழே ரவுட்டரிலிருந்து மேல் அறைக்கு கேட் 6 தரத்தில் ஒரு நெட்வொர்க் கேபிள், அதன் மறுமுனையில் எட்டுத் துளை கிகாபிட் சுவிட்ச், அதாவது ஒரு கேபிளைப் பல சாதனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பெரிய செலவில்லை. டிவி, கேம் பெட்டி, பிரிண்டர், லேப்டாப் போன்ற நகராத சாமான்களை எல்லாம் அதில் சொருகுங்கள். நகரும் போனுக்கும் ஐபேடுக்கும் மட்டும் அதே சுவிட்சில் ஓர் அக்செஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாக விடும் பெட்டி. கதை முடிந்தது.

உடனே வரும் கேள்வி: "ஒரு கேபிளை அஞ்சு பேருக்குப் பங்கு போட்டா வேகம் அஞ்சில ஒண்ணு ஆயிடாதா?" ஆகாது ஐயா. ஐந்து பேரும் ஒரே நொடியில் உச்ச வேகத்தில் இழுத்தால்தான் பங்கு. 4கே படம் ஒன்றுக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். காணொளிக் கூட்டம் நாலைந்துக்கு மேல் கேட்காது. கேபிளில் இருப்பது ஆயிரம். நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். சுவிட்ச் என்றால் நெட்வொர்க் சுவிட்ச், சுவரில் இருக்கும் விளக்கு சுவிட்ச் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் ஒருவர் எலக்ட்ரீஷியனையே வரச் சொல்லிவிட்டார்.

மெஷ் பற்றிக் கேட்பீர்கள், பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாக ஓடுவது. ரிப்பீட்டரைவிட எவ்வளவோ மேல். ஆனால் மேல்மாடிப் பெட்டியைக் கீழ்ப்பெட்டியோடு கேபிளில் இணைத்தால்தான் அதற்குக் கொடுத்த காசு செரிக்கும். காற்றில் விட்டால் அதுவும் அந்தக் கான்கிரீட்டைத்தான் குடைய வேண்டும். மின்கம்பி வழியே இணையம் அனுப்பும் அடாப்டர்கள் சில வீடுகளில் ஓடும், சில வீடுகளில் முணுமுணுக்கும். வேறு வழியே இல்லையென்றால் முயலுங்கள், நேராகச் சுவர் பிளக்கில் மட்டும். இடிமின்னல் தடுப்புள்ள எக்ஸ்டென்ஷனில் சொருகிவிட்டு "சரியில்லை" என்று எனக்குப் போன் அடிக்காதீர்கள்.

கேபிளை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதில்தான் ஆட்கள் விபரீதம் செய்கிறார்கள்.

ஒருவர் ஜன்னலுக்கு வெளியே விட்டு, மேல்மாடி ஜன்னல் வழியாக உள்ளே இழுத்திருந்தார். உலகத்திலேயே மின்னல் அதிகம் வெட்டும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. பக்கத்தில் எங்கேயோ விழுந்த மின்னலுக்கு அவருடைய ரவுட்டரும் டிவியும் சேர்ந்து போயின. நேரடியாக விழ வேண்டியதே இல்லை, அருகில் விழுந்தாலே அந்தக் கம்பியில் மின்னழுத்தம் பாயும். இன்னொருவர் தளத்தைத் துளைக்கலாமா என்று டிரில்லோடு நின்றார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தளம் உங்கள் தரை மட்டுமல்ல, கட்டடத்தின் எலும்பு. கைவைக்காதீர்கள். புதிய வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டர் சுவரும் அப்படியே. அதைக் குடைந்து வயர் விட அனுமதி இல்லை. ஷெல்டருக்குள் ரவுட்டரை வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வைஃபை வரவில்லை என்பவர்களை என்ன சொல்ல? குண்டே உள்ளே வரக்கூடாது என்று கட்டிய அறை அது.

மூன்றாவது வகை, மின்கம்பி போகும் அதே குழாய்க்குள் நெட்வொர்க் கேபிளையும் திணிப்பவர்கள். 230 வோல்ட்டும் இதுவும் ஒரே குழாயில் போகவே கூடாது. இரைச்சல் மட்டுமல்ல, உறை உரசித் தேய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நல்ல வழி பெரும்பாலும் கண் முன்னேயே இருக்கும். மாடிப்படியின் ஓரத்தோடு ஒட்டி, கேபிளை மூடும் வெள்ளைப் பிளாஸ்டிக் டிரங்கிங். படியின் குறுக்கே வேண்டாம், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கால் தடுக்கும். பழைய மேசனெட்டுகளில் மேல் அறைக்குப் பழைய தொலைபேசிப் புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. அந்த வயர் கிகாபிட்டுக்கு உதவாது. ஆனால் அது போகும் குழாய் உதவும். பழைய வயரின் நுனியில் புதிய கேபிளைக் கட்டி இழுத்தால் சில நேரம் வழுக்கிக்கொண்டு வரும். சில நேரம் பாதியில் சிக்கி என் சனிக்கிழமையைத் தின்னும். பீஷானில் சிக்கியது. பிறகு படியோரம்தான், 22 மீட்டர். கேட் 6 நூறு மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குள் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், வளைத்தால் உள்ளே முறியும். முனையில் ஆர்ஜே45 பிளக் அடிக்கத் தெரியாவிட்டால் அடிக்காதீர்கள், முனை போட்டதையே வாங்குங்கள். பீஷான் வீட்டில் ஏற்கெனவே யாரோ கீழ் அறைக்கு ஒரு கேபிள் இழுத்திருந்தார்கள். கேபிளுக்குள் எட்டு வயர், என் டெஸ்டரில் வயருக்கு ஒரு விளக்கு. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக எரிந்தது, ஏழு எரியவில்லை, எட்டு எரிந்தது. வெள்ளைப் பழுப்பு வயர் முனைக்குள் அரை மில்லிமீட்டர் குட்டையாக நின்றுவிட்டது. அவ்வளவுதான். அந்த ஒரு வயரால் ஆயிரத்தில் ஓட வேண்டியது மூன்று வருடமாக நூறில் ஓடியிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் "இணையம் வருதுல்ல?"

இன்னொரு வழக்கமான வில்லங்கம் பழைய ரவுட்டர். "வீட்ல ஒண்ணு சும்மா கிடக்கு, அதையே மேல வைக்கலாமே?" வைக்கலாம். ஆனால் கீழிருந்து வரும் கேபிளை அதன் வான் (WAN, வெளி இணையம் வரும்) துளையில் சொருகினால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வீடுகள் உருவாகிவிடும். மேலே லேப்டாப்புக்கு 192.168.1-ல் தொடங்கும் எண், கீழே 192.168.0. மேலிருக்கும் பிரிண்டருக்குக் கீழிருந்து அச்சிட முடியாது. அக்செஸ் பாயிண்ட் மோட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு எண் கொடுக்கும் வேலையை) நிறுத்தி, அதன் முகவரியை மோதாத எண்ணாக மாற்றி, கேபிளை லேன் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கான) துளையில் சொருகுங்கள். புரியவில்லை என்றால் தயவுசெய்து தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், யூடியூப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டு அல்ல. ரொம்பப் பழையது என்றால் தூக்கிப் போடுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் வைஃபை ரவுட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்ட வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தியதில் கடவுச்சொல் இன்னும் "அட்மின்" என்றே இருந்தால் அது கதவில்லா வீடு.

மேலே பெட்டிகள் கூடும்போது பிளக்குகளும் கூடும். எக்ஸ்டென்ஷனுக்குள் எக்ஸ்டென்ஷன் சொருகாதீர்கள். பாதுகாப்பு முத்திரை இல்லாத அடாப்டர் வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வீடு புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சமையலறைக் கல்லுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறீர்கள். சுவர் மூடுவதற்கு முன் காண்ட்ராக்டரிடம் "ஒவ்வொரு மேல் அறைக்கும் இரண்டு கேட் 6" என்று ஒரு வரி சொல்லுங்கள். அப்போது அது சில்லறைச் செலவு. அப்புறம் என்றால் நான் வர வேண்டும்.

பீஷானில் வேலை முடிந்து மேலே சோதித்தோம்: 712. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். அதைவிடப் பெரிய நற்சான்று எனக்கு வேண்டாம். பெரியவர் மூன்று ரிப்பீட்டர்களையும் ஒரு பையில் போட்டு "நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். என்னிடமே ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

புதன்கிழமை மறுபடி போன். "தம்பி, இப்ப மேல கீழ எங்கயுமே இல்ல." சுவிட்சின் விளக்குகள் எப்படி எரிகின்றன என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணா பேய் மாதிரி துடிக்குது." பேரனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து கழன்று தொங்கிய கேபிள் முனையைப் பார்த்து, பாவம், எங்கிருந்தோ விழுந்துவிட்டது என்று சுவிட்சிலிருந்த காலித் துளையிலேயே சொருகிவிட்டிருக்கிறான். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில். தகவல் சுற்றிச் சுற்றி ஓடி முழு வீட்டையும் அடைத்துவிட்டது. பிடுங்கச் சொன்னேன். பத்து நொடியில் எல்லாம் திரும்பி வந்தது.

சாயங்காலம் ஒரு படம் அனுப்பியிருந்தார் பெரியவர். சுவிட்சின் காலித் துளை மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பிளாஸ்திரி.