வீடற்ற படைவீரருக்கான வாடகை வவுச்சர்: எந்தக் கவுண்டரில் எது தடுக்கிறது

அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஓர் இரவு எடுத்த கணக்கின்படி 32,882 முன்னாள் படைவீரர்கள் வீடில்லாமல் இருந்தார்கள். இவர்களுக்காக ‘ஹட்-வாஷ்’ என்ற திட்டம் 1992 முதலே இருந்தாலும், பெரிய அளவில் பணம் ஒதுக்கப்பட்டது 2008-க்குப் பிறகுதான். வீட்டுவசதித் துறை வாடகை வவுச்சர் தருகிறது, ‘வி.ஏ.’ என்று எல்லோரும் அழைக்கும் படைவீரர் நலத்துறை மருத்துவ உதவியும், கூடவே நின்று வழிகாட்ட ஒரு கேஸ் மேனேஜரும் தருகிறது. குடியிருப்பவர் பெரும்பாலும் தம் வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகைப் பங்காகக் கட்டுகிறார். பின்னணி இவ்வளவு போதும். 2008-இல் அறிவித்து 2016-இல் நிறுத்தப்பட்ட ‘மாவ்னி’ (குடியுரிமை பெறாதவர்களையும் மொழித்திறனுக்காக அமெரிக்கப் படையில் சேர்த்த திட்டம்) ஆள்சேர்ப்பில் தேவைப்படும் மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதால், இது நம்மவர் சிலருக்கும் உதவக்கூடும். தங்குமிடம் ஒன்றில் படிவம் நிரப்பித் தரும் தொண்டராகச் சில காலம் உட்கார்ந்திருந்தேன். தகுதி இருந்தும் வெறுங்கையோடு திரும்பியவர்களை அங்கே அதிகம் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பலர் முதலில் போய் நிற்பது உள்ளூர் வீட்டுவசதி முகமையின் வரிசையில். வவுச்சரை அந்த முகமைதான் கொடுக்கிறது என்பதால் அங்கே போவது இயல்பே, ஆனால் வி.ஏ.-யின் பரிந்துரை இல்லாமல் நேராகப் போய்க் கேட்பவரைப் பொதுமக்களுக்கான சாதாரண வவுச்சர் பட்டியலில் சேர்த்துவிட்டு, ‘அழைப்பு வரும்’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்த அழைப்பு பல ஆண்டுகள் கழித்து வரலாம். ஆகவே முதலில் போக வேண்டிய இடம் அருகிலுள்ள வி.ஏ. மருத்துவமனையில் வீடற்றோர் பிரிவு. அங்கே போக முடியாதவர்கள் இரவும் பகலும் இயங்கும் 877-424-3838 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்து வருவது ‘நேற்றிரவு எங்கே படுத்தீர்கள்?’ என்ற கேள்வி. மிகப் பெரிய பொறி இதுதான். காரில், பூங்காவில், தங்குமிடத்தில் என்றால் சிக்கலில்லை. ‘தம்பி வீட்டில்’ என்றோ ‘மோட்டலில்’ என்றோ சொன்னவுடன் எதிரே இருப்பவர் படிவத்தை மூடிவிடுகிறார். மோட்டல் அறைக்குத் தேவாலயமோ அரசோ பணம் கட்டினால் அதில் தங்குபவர் வீடற்றவர்; அதே அறைக்குத் தம் கைக்காசைக் கட்டினால் வீடற்றவர் அல்லர் என்று திருப்பி அனுப்புகிறார்கள். கூலி வேலை செய்து வாரவாடகை கட்டிவந்த ஒருவர், ‘நான் யாரிடமும் கையேந்தவில்லை’ என்று பெருமையாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தாலேயே தகுதியை இழந்ததை நான் பார்த்தேன். அவரிடம் அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. இன்னும் 14 நாளுக்கு மேல் அந்த அறையில் தங்கக் கையில் பணமில்லை, போக வேறு இடமும் இல்லை என்றால் சட்டம் அவரையும் வீடற்றவர் என்றே கொள்கிறது. உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவருக்கும் அதே 14 நாள் கணக்குப் பொருந்தும். அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று வீட்டுக்காரர் சொல்வது நம்பத்தக்கதாக இருந்தால், வாய்மொழியாகச் சொன்னாலும் அது சான்றுதான். இருந்தாலும் ஒரு கடிதமாக, தேதி போட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லை மறந்துவிடும் அலுவலகங்கள் உண்டு. தெருவில் இருப்பவருக்கே முன்னுரிமை என்பதால் இவர்கள் காத்திருக்க நேரலாம். காத்திருப்பது வேறு, தகுதியே இல்லையென்று திரும்புவது வேறு.

படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றான ‘டிடி-214’ தொலைந்துவிட்டால் செயின்ட் லூயிசில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திலிருந்து கட்டணமின்றி நகல் பெறலாம். 1973 ஜூலையில் அங்கே ஏற்பட்ட தீயில் ஏறத்தாழ 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் எரிந்துபோயின. 1960-க்கு முன் தரைப்படையிலிருந்து விடுபட்ட முதியவர் ஒருவரிடம் ‘உங்கள் கோப்பு இல்லை’ என்றால் அது அவர் குற்றமில்லை. மற்ற ஆவணங்களைக் கொண்டு பணிக்காலத்தை உறுதிசெய்ய வழியுண்டு என்று வற்புறுத்திக் கேளுங்கள்.

சான்று கையில் இருந்தாலும் அதில் உள்ள ஒரு சொல் மிரட்டும். விடுவிப்பு ‘ஹானரபிள்’ (மதிப்புக்குரியது) என்று இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். சில ஊழியர்களும் அப்படியே சொல்கிறார்கள். ‘அதர் தேன் ஹானரபிள்’ (மதிப்புக்குரியது அல்லாத) விடுவிப்புப் பெற்றவர்களுக்கும் 2021 முதல் இந்த வவுச்சர் உண்டு. ‘டிஸ்ஹானரபிள்’ (அவமதிப்புக்குரியது) என்பது வேறு. அதற்குத்தான் கதவு மூடியிருக்கிறது.

இனி முகமையின் கண்ணாடித் தடுப்பு. மழையில் நனைந்த பிளாஸ்டிக் பையிலிருந்து மடிந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பிய ஒருவரிடம், ‘சோஷியல் செக்யூரிட்டி அட்டை எங்கே?’ என்று மூன்றாவது முறையாகக் கேட்டதை அருகில் நின்று கேட்டேன். தெருவில் வாழ்பவர் அந்த அட்டையைக் காப்பாற்றி வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பதே வேடிக்கை. இந்தத் திட்டத்தில் டிடி-214 அல்லது வி.ஏ. சரிபார்த்த மருத்துவ விண்ணப்பமே அந்த எண்ணுக்குப் போதுமான சான்று. அட்டையைக் கட்டாயப்படுத்த முகமைக்கு அதிகாரமில்லை. பழைய குற்ற வழக்கைக் காட்டியும் முகமை மறுக்க முடியாது. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டியவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. வீட்டுக்காரர் தம் விருப்பப்படி விசாரிக்கலாம் என்பது தனிக்கதை. அங்கே கேஸ் மேனேஜரைப் பேசச் சொல்லுங்கள்.

வருமான வரம்பில் ஒரு கொடுமை நெடுங்காலம் நடந்தது. போரில் உடல் சிதைந்தவருக்கு அரசு தரும் ஊன இழப்பீட்டையே வருமானமாகக் கணக்கிட்டு, வரம்பைத் தாண்டிவிட்டார் என்று அதே அரசு திருப்பி அனுப்பியது. அதிகம் காயம்பட்டவருக்கே வீடு கிடைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் விதி மாறியது: தகுதி பார்க்கும்போது அந்தத் தொகையைச் சேர்க்கக் கூடாது, வரம்பும் அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதமாக உயர்ந்தது. முன்பு நிராகரிக்கப்பட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். யாரும் தேடிவந்து சொல்லமாட்டார்கள். கட்ட வேண்டிய வாடகைப் பங்கைக் கணக்கிடும்போது மட்டும் அந்தத் தொகை சேரும் என்பதால், கையெழுத்திடும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வவுச்சர் கையில் கிடைத்ததும் வீடு தேடக் குறைந்தது 120 நாள் உண்டு. நெருக்கடியான நகரங்களில் அது பறந்துவிடும். கெடு தாண்டும் முன்பே நீட்டிப்பை எழுத்தில் கேட்க வேண்டும். முன்பணம் கட்ட வழியில்லாதவர்கள் படைவீரர் குடும்பங்களுக்கு உதவ வி.ஏ. தரும் ‘எஸ்.எஸ்.வி.எஃப்.’ மானியம் பெறும் தொண்டு நிறுவனத்தை நாடலாம். வாடகைப் பாக்கியால் வெளியேற்றப்படும் நிலையில் உள்ள குடும்பங்களுக்கும் அதே இடம்தான்.

விண்ணப்பத்தில் குடும்ப உறுப்பினர் என்ற கட்டத்தை அவசரத்தில் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். படைவீரர் இறந்துபோனால் அந்த வவுச்சர் உடன் வாழும் குடும்பத்திடமே இருக்கும். வன்முறை செய்தவர் படைவீரராகவே இருந்தாலும், பாதிக்கப்பட்ட மனைவிக்கான உதவி நிற்கக் கூடாது. ஆனால் கோப்பில் பெயரே இல்லாத மனைவியும் பிள்ளைகளும் அதைக் கேட்க நேர்ந்தால், மறுபடியும் முதல் கவுண்டரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எனவே முதல் நாளே எல்லோர் பெயரையும் எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை மனைவியின் கையில் கொடுத்து வையுங்கள்.