அரசியல் நிர்ணய சபை: சொல் விளக்கம்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனைப் பற்றி எங்கே படித்தாலும் ‘அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்தவர்’ என்று ஒரு வரி வரும். மந்திரி, எம்.பி. என்றால் யாருக்கும் புரியும். இது என்ன சபை?

சுதந்திர நாட்டை எப்படி ஆள்வது என்று சட்டம் எழுதுவதற்கென்றே கூடிய சபை. ஆங்கிலப் பெயர் கான்ஸ்டிட்யூவன்ட் அசெம்பிளி. முதல் சொல்லின் லத்தீன் வேருக்கு நிறுவுதல் என்று பொருள். ஏற்கெனவே இருக்கிற முறைப்படி சட்டம் இயற்றுவது சட்டமன்றம். அந்த முறையையே நிறுவுவது இது. 1946 டிசம்பர் 9 அன்று டெல்லியில் முதலில் கூடியது. 389 இடங்கள், பிரிவினைக்குப் பின் 299. மக்கள் நேரடியாக ஓட்டுப் போடவில்லை. மாகாணங்களின் சார்பில் அங்கங்கே இருந்த சட்டமன்ற உறுப்பினர்களே ஆள் அனுப்பினார்கள். சென்னை மாகாணத்திலிருந்து கக்கன் போனார், விருதுநகர்க் காமராஜரும் போனார். 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம். நிர்ணயம், சபை இரண்டும் வடசொற்கள். அதில் பெரிய தொல்லை இல்லை. விலை நிர்ணயம் என்று மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலும் சொல்கிறோம். தடுக்குவது ‘அரசியல்’தான். குறளின் பொருட்பாலில் அரசியல் என்றே 25 அதிகாரங்கள் உண்டு. அங்கே அதற்கு ஆளும் நெறி என்று பொருள். இன்றைக்கோ டீக்கடைச் சுவரில் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று எழுதி வைக்கிறார்கள். அந்த அர்த்தத்தோடு படித்தால், கட்சிக்காரர்கள் கூடித் தொகுதிப் பங்கீடு பேசிய இடம் போலத் தோன்றிவிடும்!

அரசமைப்பின் தமிழ் முகவுரையில் இருக்கும் ‘அரசமைப்புப் பேரவை’ இதைவிடத் தெளிவு. ‘அவை’ என்பது மதுரைக்குப் புதிய சொல்லும் அல்ல. மதுரைக்காஞ்சி இந்த ஊர் நீதிமன்றத்தை ‘அறங்கூறு அவையம்’ என்கிறது. பேரவை என்றதும் கோட்டையில் கூடும் சட்டப்பேரவை நினைவுக்கு வரலாம். முன்னால் ‘அரசமைப்பு’ நிற்பதால் குழப்பம் வராது என்பது என் எண்ணம். சிலர் அரசமைப்பு மன்றம் என்கிறார்கள், அதுவும் சரியே. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மட்டும் பழைய பெயரையும் விட்டுவிட வேண்டாம். கேள்வித்தாளில் அதுவும் வரும்.