சும்மா விளையாட்டுக்குத்தான்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. வயிற்றுவலி என்று அடிக்கடி விடுப்பு எடுத்த பதினொரு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "உன்னை யாராவது புல்லி பண்றாங்களா?" என்று கேட்டேன் (bully, அதாவது ஒருவரைத் தொடர்ந்து துன்புறுத்துவது). யோசிக்காமல் "இல்லை" என்றான். "சரி, கிளாஸ்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றதும் தலை குனிந்துகொண்டான். ஆறு மாதமாக அந்த வகுப்பில் ஒருவர்கூட அவனைச் சொந்தப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

அவன் பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாகக் கேட்டிருந்தேன். புல்லியிங் என்றால் அடி உதை என்று நினைத்திருந்தான். தனக்கு நடப்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சொல் 'கிண்டல்'. கிண்டலுக்கெல்லாம் போய் யாராவது புகார் சொல்வார்களா?

கேலி, கிண்டல், நக்கல், சீண்டல், ஓட்டுவது, கலாய்ப்பது, வம்புக்கு இழுப்பது என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவற்றில் பாதி, நண்பர்கள் பிரியமாகச் செய்வதையும் குறிக்கும். 'கொடுமைப்படுத்துதல்', 'துன்புறுத்தல்' எல்லாம் செய்தித்தாளில் வரும், பிள்ளைகள் வாயில் வராது. (ஆங்கிலத்திலும் 'புல்லி' என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் அன்புக்குரியவரைத்தான் குறித்தது. சொற்களும் சேர்க்கை சரியில்லாமல் கெட்டுப்போகும் போலிருக்கிறது.)

அதனால் பெயரை விட்டுவிட்டு நடப்பதைப் பார்க்க வேண்டும். 1970களிலிருந்து பள்ளிகளில் இதை ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதது. பெரியவர்கள் கோட்டைவிடுவது மூன்றாவதை. பலம் என்றால் உடல்பலம் மட்டுமல்ல. கூட நிற்கும் கூட்டமும் பலம். கைப்பேசியில் வைத்திருக்கும் ஒரு படமும் பலம்தான். அந்தப் படத்தை ஒரே ஒரு முறை பகிர்ந்தால் போதும், திரும்பத் திரும்ப நடக்கும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சண்டைக்கும் இதற்கும் வித்தியாசம் இந்தப் பலத்தில்தான் இருக்கிறது. சமமானவர்கள் சண்டையில் "ரெண்டு பேரும் கை கொடுங்க" என்றால் விஷயம் முடியும். பலம் சமமில்லாத இடத்தில் அதையே செய்தால், அடிபட்ட பிள்ளையையும் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். எதிரே உட்காரவைத்து சமாதானம் பேசுவதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இருவரிடமும் தனித்தனியாகத்தான் பேசுவேன்.

அப்புறம், வேடிக்கை பார்ப்பவர்கள். ஃபின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவாலியும் உடன் ஆய்வாளர்களும் 1996இல், ஒரு வகுப்பில் கூட இருந்து செய்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கி நிற்பவர், பக்கத்தில் நின்று காப்பவர் என்று பிரித்துக் காட்டினார்கள். 2001இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், சக மாணவர் குறுக்கிட்ட சம்பவங்களில் 57 சதவீதம் பத்து நொடிக்குள் நின்றுபோயின. வீரவசனம் எதுவும் தேவையில்லை. "டேய், விடுடா" போதும். அதுவும் வராவிட்டால், மாட்டிக்கொண்டவனிடம் போய் "வா, போகலாம்" என்று சொல்லிக் கூட்டிப்போனால் போதும்.

வீட்டில் நாம் சொல்லும் சொற்களையும் கவனிக்க வேண்டும். "கண்டுக்காதே" என்பது பிள்ளைக்கு "இனிமேல் இதை என்கிட்ட கொண்டு வராதே" என்றுதான் கேட்கிறது. "திருப்பி அடி" அதைவிட மோசம்: முடியாததால்தானே நம்மிடம் வந்திருக்கிறது! "நீ சொன்னது நல்லதாப் போச்சு. உன்மேல தப்பு இல்லை. அடுத்து என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிப்போம்" என்ற மூன்று வாக்கியங்களை மனப்பாடமே செய்யலாம். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி பிள்ளை பேசினால் மட்டும் யோசிக்க நேரம் எடுக்காதீர்கள். தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பிள்ளைகளுக்கு 'கோள் சொல்லி' என்ற பட்டத்தின் மேல் பெரிய பயம். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள், ஒருவரை மீட்பதற்காகச் சொல்வது உதவி கேட்பது என்று பிரித்துச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரிகிறது.

செய்தவனுக்கும் முத்திரை குத்த வேண்டாம். "நீ ஒரு புல்லி" என்றால் அவன் அந்தப் பெயருக்குள்ளேயே தங்கிவிடுவான். என்ன செய்தான் என்பதை மட்டும் சொல்லலாம்.

வயிற்றுவலிப் பையனுக்குப் பட்டப்பெயர் வைத்தவனைத் தனியாகச் சந்தித்தேன். "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்றான். "அவன் சிரிச்சானா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் நாள் சிரிச்சான்" என்றான்.