தட்டம்மை இல்லை என்று எப்படிச் சொல்வது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் எல்லாம் அடங்கிய ஈதெக்வினி மாநகரின் மக்கள்தொகை சுமார் 40 லட்சம். ஒரு வருஷம் முழுக்க இங்கே ஒருவருக்குக்கூடத் தட்டம்மை வரவில்லை என்று அறிக்கை வந்தால் சந்தோஷப்படலாமா? விஷயம் தெரிந்தவர்கள் உடனே இன்னொரு எண்ணைக் கேட்பார்கள். தட்டம்மையோ என்று சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்து, இல்லை என்று தள்ளியது எத்தனை பேரை? உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 2 பேராவது அப்படித் தள்ளப்பட்டிருக்க வேண்டும். நம் ஊர்க் கணக்குக்கு 80 பேர்.

டர்பன் கரையில் சார்டீன் பருவத்தில் கரைவலை இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேறு மீன் விழுந்து சார்டீன் மட்டும் விழாவிட்டால், சார்டீன் இன்னும் வரவில்லை. எதுவுமே விழாவிட்டால் வலையை விரித்துப் பார்க்க வேண்டும். ருபெல்லா, பார்வோ வைரஸ், மருந்து ஒவ்வாமை என்று காய்ச்சலோடு தடிப்பு வரக் காரணங்கள் ஏராளம். அவை எப்போதும் ஊரில் இருக்கும். அவைகூட வலையில் விழவில்லை என்றால், யாரும் தேடவே இல்லை.

தேடுவது கிளினிக்கில் தொடங்குகிறது. காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கூடவே இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. இவ்வளவு இருந்தால் போதும், நர்ஸ் சந்தேகப்படலாம், படவும் வேண்டும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய நோய் இது. ஒரு குழாய் ரத்தம், தொண்டையில் தடவிய ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு படிவம் மூன்றும் ஜோகன்னஸ்பர்க் சாண்ட்ரிங்காமில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்குப் போகும்.

ரத்தத்தில் தேடுவது ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதத்தை. புதிதாகத் தொற்று வந்தால் உடம்பு முதலில் தயாரிப்பது அதைத்தான். ஆனால் தடிப்பு தோன்றிய முதல் இரண்டு மூன்று நாளில் சிலருக்கு அது போதிய அளவு ஊறியிருக்காது. அதனால்தான் பஞ்சுக்குச்சி: வைரஸின் மரபுப்பொருளையே பிசிஆர் முறையில் தேடலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. சில வாரங்களுக்கு முன் தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் ஐஜிஎம் இருக்கும். ஆகவே படிவத்தில் இரண்டு தேதிகள் தங்கம் மாதிரி: தடிப்பு தோன்றிய நாள், கடைசியாக ஊசி போட்ட நாள். அவசரத்தில் காலியாக விடப்படுவதும் பெரும்பாலும் இந்த இரண்டு கட்டங்கள்தான்.

நம் வீடுகளில் அம்மை என்றால் மாரியம்மன் ஞாபகம்தான் முதலில் வரும். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், பிள்ளையை வெளியே விடாமல் ஒதுக்கி வைப்பது. ஒதுக்கி வைப்பது மருத்துவத்துக்கும் சம்மதமே. தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்வரை நோய் பரவும். வேப்பிலை பாட்டுக்குத் தொங்கட்டும். கிளினிக்குக்கும் ஒரு தகவல் சொல்லிவிட வேண்டும், போகுமுன் போன் செய்து. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது.

ஒரு மாவட்டத்தில் 30 நாளுக்குள் மூன்று பேருக்கு ஆய்வகம் உறுதி செய்தால், அது நோய்ப்பரவல். தட்டம்மைக்கு இது அதிகப்படியான ஜாக்கிரதை இல்லை. எதிர்ப்புச்சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒருவர் 12 முதல் 18 பேருக்கு ஒட்டவைப்பார். அதனால்தான் 95 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள்.

அந்தச் சதவீதத்தைக் கணக்கிடுவதில்தான் குழப்பம். வகுத்தலில் மேலே போடுவது, ஊசி போட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் கிளினிக் பதிவேட்டில் நர்ஸ் போட்ட கோடுகளின் கூட்டல். கீழே போடுவது அந்த மாவட்டத்தில் இத்தனை குழந்தைகள் இருப்பார்கள் என்ற புள்ளியியல் துறையின் மதிப்பீடு. பக்கத்துக் கிராமத்துத் தாய்மார் நகரக் கிளினிக்குக்கு வந்தால் நகரம் 100 சதவீதத்தைத் தாண்டும், கிராமம் சரியும். தனியார் டாக்டரிடம் போட்ட ஊசி கணக்கில் சேராமலே போவதும் உண்டு. 100 சதவீதத்தைத் தாண்டிய மாவட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பாராட்டத் தோன்றாது, சந்தேகம்தான் வரும்.

பாதுகாப்பு கிடைக்காமல் மிச்சம் இருப்பவர்கள் எங்கும் போய்விடுவதில்லை. இந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. 90 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு கிடைத்தாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் மீதி. பத்து வருஷத்தில் 10 லட்சம். 2009 முதல் 2011 வரை பரவியபோது ஆய்வகம் உறுதி செய்தது மட்டும் 18,000 பேருக்கு மேல். அவர்களில் ஒரு வயது நிறையாதவர்கள் ஏராளம். முன்பு 9, 18 மாதங்களில் போட்ட ஊசியை 2016 முதல் 6, 12 மாதங்களில் போடுகிறார்கள். எச்ஐவி உள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் எதிர்ப்புப் புரதம் குறைவு என்பதால், சீக்கிரம் போடுவதில் இங்கே கூடுதல் நியாயம் உண்டு.

2022 அக்டோபரில் லிம்போபோ மாகாணத்தில் தொடங்கிய பரவலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதிகம் மாட்டினார்கள். விடுபட்டவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எனவே 2023 பிப்ரவரியில் தொடங்கிய முகாம் 6 மாதம் முதல் 15 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோருக்குமானது. இப்படிப்பட்ட முகாமில் முன்பு ஊசி போட்டாயிற்றா என்று பார்ப்பதில்லை. போட்டவர்களிலும் சிலருக்கு ஊசி பலித்திருக்காது, இன்னொரு டோஸால் கெடுதலும் இல்லை.